ஒரே நாள் பிள்ளைகள்

ஆயிரத்து முந்நூற்றி நாற்பது கிராம்.
களுதாவளைச் சந்தைத் தராசில்
ஒரு நடுத்தரப் பப்பாசி.
அதைத்தான் முதலில் நினைத்தேன்.
வெட்கமாக இருந்தது.

மட்டக்களப்பு ஆசுபத்திரி,
கண்ணாடிப் பெட்டிக்குள் நீ.
காலில் கட்டிய துண்டில் உனக்குப் பெயர் இல்லை:
யோகவதனியின் குழந்தை, பெண்.
படிவம் நிரப்பிய தாதி கேட்டாள்,
"கருத்தரிச்ச முறை?"
பக்கத்துக் கட்டில்காரி காதைக் கொடுத்தாள்.
"கொழும்பில" என்றேன், மெதுவாக.
ஊரின் பெயர் ஒரு முறையாகுமா?
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

முப்பத்தொரு வாரம்.
பிரஷர் ஏறிய இரவு கால் வீங்கிச்
செருப்புக்குள் போகவில்லை.
வெறுங்காலோடு அம்புலன்சில்
கல்லடிப் பாலம் தாண்டினேன்.

"அந்த முறையாலதானா, டொக்டர்?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்படி வாற பிள்ளைகள்
முந்திப் பிறக்கிறது கொஞ்சம் கூட.
உங்களுக்கு வயசும் முப்பத்தொன்பது.
எதால நடந்தது எண்டு
என்னால சொல்ல ஏலாது."
பொய் சொல்லாத மனிசனோடு
கோபிக்கவும் முடியவில்லை.

மற்றத் தாய்மார்
குத்துமதிப்பாய் ஒரு மாதம் சொல்வார்கள்.
எனக்கு மணியே தெரியும்.
காலை பதினொன்று பத்து.
திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி,
"இதுதான்" என்றாள் முகக்கவசம் போட்ட ஒருத்தி.
உன் அப்பா வெளியே காசு கட்டும் வரிசையில்.
அவர் கையிலிருந்த ரசீதுக்குள்
அரை ஏக்கர் வெற்றிலைத் தோட்டமும்
தாலிக்கொடி போக என் நகை முழுவதும்.

அதற்கு முன், ஊசிமருந்து
ஐஸ்கிரீம் கடைப் பிரிட்ஜில் இருந்த காலம்.
கரண்ட் போன நாளெல்லாம்
கிருபைராசா ஐஸ்கட்டி தேடி
ஓந்தாச்சிமடம் வரை சைக்கிள் மிதித்தார்.
கேட்டவர்களுக்கு, "மீனுக்கு."

இரண்டு மணிக்கொருக்கா
இரண்டு மில்லி பால், மூக்குக் குழாயால்.
மறுகா நாலு.
ஒருநாள் ஒன்றுமே இல்லை, வயிறு உப்பியதால்.
மறுகாவும் இரண்டிலிருந்து.

இன்று காலை மூச்சு மிசினைக் கழற்றினார்கள்.
அப்பாவின் சட்டைப் பொத்தான்களை
நான்தான் அவிழ்த்தேன், அவர் கை நடுங்கியதால்.
நெஞ்சோடு உன்னை வைத்துத் துணியால் கட்டினார்கள்.
வெற்றிலை எண்ணிக் கட்டுக் கட்டிய விரல்கள்
உன் முதுகெலும்பை ஒவ்வொன்றாய் எண்ணின.
எண்ணி முடித்துத் திரும்பவும் தொடங்கின.

அப்போது என் போனில் ஒரு செய்தி.
சேமிப்பிலுள்ள கருக்கள்: இரண்டு.
இவ்வருடக் கட்டணம் இம்மாத இறுதிக்குள்.

உன்னோடு அதே காலையில்
அதே கிண்ணத்தில் உண்டானவர்கள்.
உனக்கு அவர்கள் யார்?
வந்தால் தம்பி தங்கை,
வராவிட்டால் அதற்கு
தமிழில் ஒரு சொல் இருக்கிறதா தெரியவில்லை.
அங்கும் கரண்ட் போகுமா?
போனால் யார் சைக்கிள் மிதிப்பார்?

அசைந்தால் நீ விழித்துவிடுவாய் என்று
உதட்டை மட்டும் அசைத்தார் உன் அப்பா:
"ஆரு?"

"போன் கம்பனி" என்றேன்.

திரையில் தொண்ணூற்றி நாலு.
தொண்ணூற்றொன்று.
தாதி எழும்பிப் பார்த்தாள்.
தொண்ணூற்றைந்து.