நாலாயிரத்து முந்நூறு வெள்ளி

எடைச்சீட்டின் பின்புறத்தில் எழுதினேன்.
ஆலை வேலையை விட்டபோது கூடவே வந்துவிட்ட கட்டு.
முன்புறம் லாரி எண், செம்பனைக் குலை பன்னிரண்டு டன்.
பின்புறம் பிராசஸர், போர்டு, ராம்,
அதற்குக் கீழே தர்வின் தன் கையால் எழுதி
மூன்று கோடு இழுத்த கிராஃபிக்ஸ் கார்டு.

என் பங்கு இரண்டாயிரத்து எழுநூறு:
நாலு கல்யாணம், ஒரு காதுகுத்து,
பாதிப் பணம் இன்னும் தராத ஒரு கட்சிக் கூட்டம்.
அவன் பங்கு கையுறைத் தொழிற்சாலை ஓவர்டைம்.
இரவு பத்து வரை நான் வெட்டி ஒட்டுவேன்,
பத்துக்கு மேல் அவன் சுடுவான்.
ஒரு பெட்டி, இரண்டு ஷிப்ட்.

பழையது போனது சித்திரையில், மூன்று மணி இடியில்.
புஷ்பலீலாவின் தாலிகட்டு
எழுபத்தெட்டு விழுக்காட்டில் நின்றிருந்தது.
செம்பனைத் தலைகளுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு,
அப்புறம் அறை முழுக்கக் கருகிய வாசனை.
நேற்று அவள் கேட்கிறாள்:
"அக்கா, வீடியோ வருமா,
இல்ல வளைகாப்போட சேர்த்தே வாங்கிக்கவா?"

பஹாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மேல்மாடி.
ஆ கியோங் சீட்டைப் படித்துவிட்டு
எங்கள் தமிழிலேயே சிரித்தார்.
"புதுசு வேணும்னா காசு பத்தாதுலா.
பழசு ஒண்ணு இருக்கு. தொள்ளாயிரம்."

சிரம்பானில் பூட்டிய கடைவீடு ஒன்றில்
திருட்டு மின்சாரம் குடித்து
ராப்பகலாகக் காசு தோண்டிய கார்டு.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
விசிறியில் தூசியே இல்லை; அதுதான் பயம்.
பால்மரத்துக்காவது பட்டை இருக்கிறது,
எத்தனை வெட்டு, மறுபட்டை எத்தனை தடிமன் என்று
விரல் வைத்தால் சொல்லிவிடும்.
இதில் எங்கே விரல் வைப்பது?

"மூணு மாசம் கேரண்டி," என்றார்.
தர்வின் அதற்குள் அதை மடியில் வைத்திருந்தான்.

கண்ணாடிக் கதவும் வானவில் விளக்கும் வேண்டும் என்றான்.
வலைக்கம்பி முகப்பு போதும், காற்று போகட்டும் என்றேன்.
வேகமான திரை கேட்டான்.
பட்டின் அரக்கைச் செங்கல்லாகக் காட்டாத திரை கேட்டேன்.
ராம் முப்பத்திரண்டு; அதில் மட்டும் சண்டையில்லை.

பவர் சப்ளையில் வந்து நின்றது.
பெயரில்லாதது எண்பது வெள்ளி,
தூக்கினால் காலி பிஸ்கட் டின்.
இன்னொன்று முந்நூற்று முப்பது.
ஆறு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவள் நான்.
கனம் எனக்குப் பொய் சொன்னதில்லை,
லாரிக்காரர்கள்தான் சொன்னார்கள்.

"அது ஒரு ஃபிரேம்கூட கூடத் தராதுக்கா."
"தராது. இருக்கறதைப் பறிக்காது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
கீழே ரொம்பின் போகும் பஸ் ஒன்று
யாருக்காகவோ நின்றது, பிறகு நிற்காமல் போனது.
"சரி," என்றான். "விளக்கு வேணாம்."
மிச்சம் நாற்பது வெள்ளியில் இருவரும் மீ கோரேங் சாப்பிட்டோம்.
தனித்தனி மேசை இல்லை, பேச்சும் இல்லை.

ஞாயிறு. கூடத்துத் தரையில் பழைய பாய்.
இருபத்தேழு திருகாணி, ஒன்று மிச்சம்,
எங்கிருந்து என்று இன்றுவரை தெரியாது.
பித்தானை அழுத்தினோம். விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.
மீண்டும் கறுப்பு.
தோண்டிய கார்டை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.
ராமைக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்தினேன்:
முதல் தடவை வராத அந்த 'டிக்'.
வெப்பம் முப்பத்து மூன்று என்று எழுந்தது,
வெளியே இருந்த வெயிலின் அளவு.

புஷ்பலீலாவின் மூன்று மணி நேரத்தை
முதலிலிருந்து கோத்து ஏற்றிவிட்டு
வழக்கம்போல் தலையணையைத் தேடினேன்.
பழையதில் ஒரு ராத்திரி பிடிக்கும்,
அதுதான் என் தூக்கம்.

பதினொரு நிமிடம்.

மணி ஆறு இருபது.
என் ஷிப்டில் இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம்,
வெட்ட ஒன்றும் இல்லை.
தர்வினின் ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன்.
ஒரு பாலம், ஒரு மதில், கையில் ஏதோ துப்பாக்கி.
பனி பெய்கிற ஊராம்.
நாற்பது விநாடி நடந்தேன்,
பின்னாலிருந்து யாரோ சுட்டார்கள்.

"அக்கா!"
தூக்கம் கலைந்து ஓடி வருகிறான்,
"அது என் ரேங்க்!"