எழுதாதது கரைக்கு

ஆறு கரையிலிருந்து மூன்று மூன்று பேர்.
ஏழாவது கரை தாழைவலசைக்குப் பூவாயி ஒருத்தி;
அங்கே பாசிக்கு முழுகுகிறவர்களே பத்தொன்பது பேர்தான்.
புயல் காப்பக மாடி. கச்சான் ஜன்னலை அறைந்துகொண்டே இருந்தது.
பாறை கிழித்த கோடுகளோடு
கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுதக் கூப்பிடப்பட்டவள்.
ரேஷன் கடையில் பில் போடும் கை,
எண்ணில் ஏமாற்றாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இருநூறு பக்க நோட்டு.
'நாங்கள்' என்று தொடங்கினேன்.

அழி, என்றாள் மைமூன்.
நாங்கள் என்றால் வாசிக்கிறவள் வெளியே நிற்கிறாள்.
நாளைக்கு முதல் முழுக்குப் போடப்போகிறவள்
இதைப் பிரித்தால் அவளும் உள்ளே இருக்கணும்.
'நாம்' என்று போடு.

ராக்கு விடவில்லை.
ஏஜெண்டும்தான் வாசிப்பான்,
அவனும் உள்ளேயா?

ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம்.
எமர்ஜென்சி விளக்கு இரண்டு தடவை மங்கியது.
கடைசியில் 'நாம்' நின்றது,
பக்கத்தில் சின்னதாக: முழுகுகிறவர்கள்.

பிறகு எல்லாம் சண்டைதான்.
முந்நூறு பேர் உள்ள கரை தலைக்கு ஓர் ஓட்டு கேட்டது.
கரைக்கு ஒன்று என்றாள் பூவாயி.
தலையை எண்ணினால் நான் வருவதே வீண்,
பஸ் காசாவது மிஞ்சும்.
ராத்திரி பதினொன்றுக்கு இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்:
விலை பேசத் தலை,
கடல் அடைக்கும் நாளுக்குக் கரை,
சந்தா ஏற்ற இரண்டும்.

தராசு பிடிக்கிறவள் பெட்டியைத் தொடக்கூடாது.
பெட்டிச் சாவி உள்ளவள் வழக்குத் தீர்க்கக்கூடாது.
வழக்குத் தீர்க்கிறவளைத்
தலைவி நினைத்தால் மாற்ற முடியாது.
அப்புறம் தலைவிக்கு என்னதான் வேலை, லூர்து கேட்டாள்.
இரண்டு வருஷம் திட்டு வாங்குவது,
பிறகு இறங்குவது.
சிரிப்பையும் எழுதவா என்றேன்.

எழுத மறந்தது யாருக்கு?
இதற்கு மட்டும் எல்லோரும் ஒரே குரல்.
கரைக்கு.
கொடுத்ததுதான் சங்கத்துக்கு,
மற்றதெல்லாம் அவரவர் மணல்.

முகாமிலிருந்து வந்து முழுகும் சுகிர்தாவை
எந்தக் கரையில் சேர்ப்பது என்றபோது
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
'நாம்' முதல் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.
நாலு வரி இடம் விட்டேன்.
இன்னும் அப்படியே இருக்கிறது.

கையெழுத்து என்றதும் பூவாயி எழுந்தாள்.
என் விரல் பத்தொன்பது பேருடையது,
கேட்காமல் வைக்க மாட்டேன்.
நோட்டைப் பாலித்தீனில் சுற்றி
அலுமினியக் கால்தட்டுகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு
கரையோரமாகவே நடந்து போனாள்.

ஒன்பது நாள் கழித்து வந்தது.
பக்கங்கள் உப்பில் ஊதியிருந்தன.
பதினெட்டு ரேகை.
பத்தொன்பதாவது கட்டத்தில், பென்சிலில்,
'சம்மதமில்லை. செல்லக்காள்.'
அதன் கீழே அவர்கள் சேர்த்த ஒரே வரி:
வேண்டாம் என்று சொன்னவளின் பாசியும்
அதே தராசில், அதே விலைக்கு நிறுக்கப்படும்.
இதற்கு ஒத்துக்கொண்டால் நாங்கள் உள்ளே.

ஆறு கரையும் மறுபடி உட்கார்ந்தது.
ராக்குவுக்குத்தான் கடைசி வரை இறங்கவில்லை.
கை தூக்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

திங்கட்கிழமை. நீர் வற்றிய காலை.
கட்டைக்கோரைச் சாக்குகள் வரிசையில் சொட்டிக்கொண்டிருந்தன.
செல்லக்காள் யாரையும் பார்க்காமல்
தன் சாக்கைத் தட்டில் வைத்தாள்.
அன்றைக்குத் தராசு ராக்குவிடம்.
முள் ஆடியது, வெகுநேரம்.
பதினாலு கிலோ இருநூறு, என்றாள்
எல்லோருக்கும் கேட்க.

எழுதினேன்.