இருபத்து மூன்று

படகுத்துறைப் பலகையில் இருபத்தைந்து ஆணிகள்.
ஆணிக்கொரு மரவில்லை, அதில் ஒரு பெயர்.
தண்ணீரில் இறங்கினால் சிவப்புப் பக்கம்,
கரையேறினால் வெள்ளை.
திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.
முதல் நாளே மர்யுக்கா சொன்னார்:
நீச்சல் தெரியாதவனும் மூழ்குவான்,
தெரிந்தவனும் மூழ்குவான்,
வில்லையைத் திருப்பாதவன்
மூழ்காமலே மூழ்கடிப்பான்.
சிரித்தோம்.
பதின்மூன்று வயதில் எதற்கும் சிரிப்பு வரும்.

ஜூலையிலும் புருவேசி ஏரி
கணுக்கால் எலும்பைக் கடிக்கும்.
கயிறு எறியக் கற்றோம்:
தத்தளிப்பவனின் தலையைத் தாண்டி எறி,
முகத்தில் எறியாதே.
கை நீட்டுமுன் துறையில் குப்புறப் படு.
குதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.
வீரம் காட்ட வந்தவர்களுக்கு
அன்று மாலையே சலித்துவிட்டது.

தலைமை என்பது இங்கே ஒரு மஞ்சள் விசில்.
நாளுக்கு ஒருவர் கழுத்தில் தொங்கும்.
அதை மாட்டியவர் தண்ணீரில் இறங்கக் கூடாது,
எண்ண வேண்டும்.
வியாழக்கிழமை ஹில்லாவின் முறை.
தன் குரலுக்குத் தானே கூசுகிற ஹில்லா.
காலையில் ஊதிப் பார்த்தாள்,
எச்சில்தான் வந்தது.
அதற்கும் சிரித்தோம். நான்தான் முதலில்.

மதியம் மூன்று மணி இருக்கும்.
என் ஜோடி எலியெல்
ரப்பர் வளையத்தை எடுக்க மூழ்கினான்.
அவன் மேலே வருமுன் நான் கரையேறிவிட்டேன்.
ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது, வேறு காரணமில்லை.
திரும்பும் வழியில்
சவுனாக் குடிசைக்குப் பின்னால்
நீலப்பழப் புதர்கள்.

விசில் கேட்டது.
இந்த முறை எச்சில் இல்லை.

பைன் மரங்களின் இடுக்கில் பார்த்தேன்.
ஜோடி ஜோடியாகக் கோத்த கைகள்
தண்ணீருக்கு மேல் எழுந்தன.
பதினொரு ஜோடி.
தள்ளி எலியெல்லின் ஒற்றைக் கை.
ஹில்லா எண்ணினாள். பலகையைப் பார்த்தாள்.
மறுபடி எண்ணினாள்.
சிவப்பில் இருபத்து நான்கு,
தண்ணீரில் இருபத்து மூன்று.

அவள் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.
தாழ்த்தியதாலோ என்னவோ
எல்லோருக்கும் கேட்டது.
மர்யுக்கா அதற்குள் முகமூடி மாட்டி
ஆழத்தில் பாய்ந்திருந்தார்.
மற்றவர்கள் இடுப்பளவு நீரில்
கை கோத்து வரிசை கட்டினார்கள்.
ஹில்லா சொல்லச் சொல்ல ஓர் அடி.
நிறுத்தம்.
இன்னோர் அடி.
பாதங்களால் மணலைத் தடவி
என்னைத் தேடினார்கள்.

என்னைத்தான் என்று புரியவே
சற்று நேரம் ஆனது.
அவர்கள் குனிந்து பார்த்த நீரில்
நான் இல்லை.
இருந்தாலும் அங்கே கிடந்தேன்,
ஒவ்வொருவர் காலடியிலும் ஒருமுறை.

எலியெல்லின் கால் எதையோ தொட்டது.
அப்போது அவன் முகம் போனதை
நான் இங்கே எழுதப்போவதில்லை.
குனிந்து தூக்கினான்.
மரத்தண்டு.

அப்போதே கத்தியிருக்க வேண்டும்.
வாய் நிறையப் பழம்.
மென்றேன். விழுங்கினேன்.
அந்த விழுங்கலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தேன் என்பதை
இன்றுவரை என்னால் அளக்க முடியவில்லை.
பயத்தால் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.
பயமும் இருந்தது.
ஆனால், சொல்லிவிடுகிறேன்,
இத்தனை பேர் என்னைத் தேடுவதை
இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் போலவும் இருந்தது.

இங்கே, என்றேன். இங்கே இருக்கிறேன்.

வரிசை உடனே கலையவில்லை.
ஹில்லா என்னைத் தலையிலிருந்து பாதம்வரை பார்த்தாள்,
எண்ணோடு சரிபார்ப்பவள் போல.
இருபத்து நான்கு, என்றாள்.
அதன் பிறகுதான் கைகளை விட்டார்கள்.
அவள் பலகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.
திரும்பி வந்து
விசிலை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்,
நாள் முடிய இன்னும் நேரம் இருந்தது.

யாரும் திட்டவில்லை.
மர்யுக்கா நடுங்கும் விரலால் பலகையைக் காட்டினார்.
தாவெட்டி என்ற பெயரைத் திருப்பினேன்.
வெள்ளையில் என் நீல விரல் படிந்தது.
முகாம் முடியும்வரை அது போகவில்லை.

இரவு பதினொன்றுக்கும் அங்கே வெளிச்சம்.
கூடாரத்துணியில் கொசுக்களின் நிழல்.
எலியெல் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான்.
தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.
பாசி பிடித்து மெதுமெதுவென்று இருந்தது, என்றான்,
அந்தத் தண்டு.