காலி மரம்

ஆகஸ்டுப் புயலில் சாய்ந்த ஓக்
வேலியோரம் கிடக்கிறது.
சும்மாவே எடுத்துக்கொள் லேலோ, என்கிறார் ஹெய்னோ.
வீட்டுக்காரர். வாடகையில் கறார்,
மரத்தில் தாராளம்.

கையுறையைக் கழற்றிப் பட்டையைத் தடவினேன்.
அடிப்பக்கம், பனி விலகிய இடத்தில்
விரல்நகம் அளவு விசிறிகள்,
சாம்பல், பழுப்பு, மறுபடி சாம்பல்.
இதில் ஆள் இருக்கிறது, என்றேன்.
காளான் போட மரம் கேட்டாய்,
காளான் முளைத்த மரமே தருகிறேன்,
இன்னும் என்ன?

இன்னும் என்னவென்றால்
ஷிடாகே இன்னொருவரோடு
ஒரே சமையலறையில் புழங்காது.
அதற்குக் காலி மரம் வேண்டும்.
நேற்றுவரை நின்ற மரம்.
இலைக்கென்று சேர்த்த இனிப்பை
இன்னும் செலவழிக்காத மரம்.
ஸ்ப்ரூஸ் ஆகாது, பிசினிலேயே மூச்சு முட்டும்.
தொடைப் பருமன் வேண்டாம், தூக்கப்போவது நான்.
பட்டை உரிந்தால் போச்சு,
கூரை போன வீடு.

தெற்கு எஸ்டோனியாவில் மார்ச்
பேருக்குத்தான் வசந்தம்.
வோருவுக்குப் பஸ் ஓட்டுகிற எனக்கு
ஞாயிறுதான் நாள்.
மின்கம்பிக்குக் கீழே ஆல்டர்கள்,
மின்வாரியக்காரர்கள் நீலக்கோடு
போட்டுவிட்டுப் போனவை,
எப்படியும் போகிறவை.
ஹெய்னோ ரம்பத்தை இழுத்து இழுத்து
நான்காம் முறை உயிர் வரவைத்தார்.

வெட்டுவாய் முதலில் வெள்ளை.
ஒரு குவளைத் தேநீர் முடிவதற்குள்
ஆரஞ்சு. பிறகு செங்கல்.
யாரும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை.
பனிமேல் சிவந்து கிடந்தது தூள்.
கேரட் துருவியதுபோல், என்றார்.
அப்படியே வைத்துக்கொள்வோம், என்றேன்.

பதினொரு கட்டை, மீட்டர் நீளம்.
ஒன்று கைதவறிக் கல்லில் மோதி
உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிற்று.
அதை அவருடைய சவுனாவுக்குக் கொடுத்தேன்.

ஓக் என்றால் ஏழு வருடம் விடாமல் தரும்.
நிற்கிற ஓக் ஒன்றும் உண்டு,
கிணற்றுக்குப் பின்னால். வெட்டட்டுமா?
ஆல்டர் மூன்றே வருடத்தில் பஞ்சாகிவிடுமே.
ரம்பம் அணைந்திருந்தது. நிஜமாகவே கேட்டார்.

இழுப்பறையில் கிடக்கிற ஒப்பந்தத்தில்
மூன்று வருடம் என்று
அவர் கையெழுத்தே இருக்கிறது.
நான் அதைச் சொல்லவில்லை.
மூன்று போதும், என்றேன்.
தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.

வடக்குச் சுவரோரம் இரண்டு வாரமாகக்
கட்டைகள் சும்மா கிடக்கின்றன.
வெட்டுப்பட்டதை மரம் நம்ப
அவ்வளவு நாள் ஆகுமாம்.
அதற்குமேல் விட்டால்
காற்றில் வருகிற யாராவது முந்திக்கொள்வார்கள்.
நாளை துளை போடணும், மெழுகு உருக்கணும்,
ஹெய்னோவிடம் பழைய சட்டி ஒன்று கேட்கணும்.

ஒரு கட்டையில் நீலக்கோடு அப்படியே இருக்கிறது.
சுரண்டலாம்தான்.
சுரண்டினால் பட்டை போகும்.