உருப்படிக் கணக்கு

(அல்சூர், பெங்களூர் தண்டு, 1893)

கால்சராய்ப் பையைத் துழாவாமல்
வெள்ளாவியில் வைத்தது என் தப்புதான்.
ஏரித் துறையில், கல்லில் ஓங்கி அடித்தபோது
வெள்ளைக் கூழாகப் பிதுங்கி வந்தது
மூன்று பத்திச் செய்தி.

ஹாலோரன் வந்தான். ஐரிஷ் பட்டாளத்து ஆள்.
செம்பட்டை மயிர், வெயிலில் தோலுரிந்த மூக்கு.
அவன் துணிக்கு நான் இட்ட குறி
சேங்கொட்டை மையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு.
"காகிதம் எங்கே, சின்னக்கண்ணு?"
புளி உருண்டை அளவு கூழை நீட்டினேன்.
வாங்கி, மோந்து பார்த்தான்.

"பில் தோற்றுவிட்டது" என்றான்.
பதறிப்போனேன். மூன்று மாதப் பாக்கி,
ஒரு ரூபாய் ஏழணா.
"உன் பில் இல்லை. எங்கள் ஊர் பில்."

பட்டாளத்துத் தமிழில் உடைத்து உடைத்துச் சொன்னான்:
அவன் தீவின் கணக்கை அவர்களே எழுத ஒரு சபை.
கீழ்ச்சபை சரி என்றதாம்.
மேலே பிரபுக்கள் சபை
ஒரே ராத்திரியில் சுருட்டி எறிந்ததாம்.
வேண்டும் என்றவர் நாற்பத்தொரு பேர்.
வேண்டாம் என்றவர் நானூற்றுப் பத்தொன்பது.

எழுத்து தெரியாது எனக்கு, எண்ணத் தெரியும்.
நானூற்று அறுபது உருப்படி என்றால்
நாலு ஆள், ஐந்து நாள், எட்டுக் கூடை உவர்மண்.
"அந்த நானூற்றுச் சொச்சத்தில்
உன் ஊர்த் தண்ணீர் குடித்தவன் எத்தனை பேர்?"
பூட்ஸ் நுனியால் ஈர மணலைக் கிளறினான்.
"இருக்கிறார்கள். நிலம் அங்கே, வீடு லண்டனில்."

போகும்போது கேட்டான்,
கூழைக் காயவைத்தால் எழுத்து திரும்புமா என்று.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்தது.
தண்டு முனிசிபாலிட்டியில் தீர்மானம்:
ஏரியில் இனி துணி துவைக்கக் கூடாது.
காலராவாம்.
பதினெட்டுக் குடும்பம் கைநாட்டு வைத்த மனு
எந்த மேசைக்கு அடியில் கிடந்ததோ.
அந்தச் சபையில் வேண்டும் என்றவர் எத்தனை,
வேண்டாம் என்றவர் எத்தனை,
யார் பையிலும் துண்டுக் காகிதம் இல்லை.

விடியலில் கழுதையை ஓட்டிக்கொண்டு போனேன்.
படித்துறையில் துப்பாக்கியோடு ஒருவன்.
காலருக்கு உள்பக்கம்
இரண்டு புள்ளி, ஒரு கோடு இருக்கும்.
திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

"ஆர்டர்" என்றான், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

விறைப்பாகத்தான் நின்றான்.
முந்தாநாள்தான் கஞ்சி போட்டிருந்தேன்.