சேதத்துக்கான காரணம்

பெர்கனில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்.
சாண்ட்விக்கன் ஏற்றத்தில் ஒரு வெள்ளை மரவீடு,
வயது நூற்றுப் பத்து.
காப்பீட்டு நிறுவனம் அனுப்பி
டார்ச்சும் திருப்புளியுமாகப் போனேன்.

ஹல்வார் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது:
காட்டு வாசனை,
வீட்டுக்குள்.

"துருப்பொடி மாதிரி ஏதோ விழுந்துகொண்டே இருக்கிறது," என்றார்.
"துடைத்தால் காலையில் மறுபடி."
பியானோ மூடிமேல் விரலால் ஒரு கோடிழுத்தேன்.
துருவல்ல. வித்து.
என் நகக்கண்ணில் ஒட்டியது
இந்த ஊர் ஜனத்தொகையைவிட அதிகம்.

எல்லா அறைகளையும் காட்டினார்,
ஒன்றைத் தவிர.
"அது யோருன்னின் அறை.
மூன்று குளிர்காலமாகத் திறக்கவில்லை."
காத்திருந்தேன்.
என் தொழிலில் பாதி காத்திருப்பது,
மீதி முட்டிபோட்டுத் தவழ்வது.

மூன்று குளிர்காலம் சாத்திய கதவு
இந்த ஈரத்தில் உப்பிச் சிக்கியிருக்க வேண்டும்.
சத்தமில்லாமல் திறந்தது.

சன்னலுக்குக் கீழே,
யாரோ மாவை ஊற்றிவிட்டு மறந்துபோனது போல்
தரையிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது.
ஓரம் பால்வெள்ளை, நடு துருச்சிவப்பு,
விளிம்பெங்கும் துளித்துளியாய் நீர்.
அது அழும்.
லத்தீனில் பெயரிட்டவர்கள் அதையே பெயரில் வைத்தார்கள்.
நாங்கள் 'அசல் வீட்டுக்காளான்' என்போம்,
ஏதோ போலிகள் ஏமாற்றித் திரிவது போல.
"மரத்தைத் தின்னும்போது தண்ணீர் பிறக்கும்,
மிஞ்சியதை வெளியே தள்ளும், அவ்வளவுதான்," என்றேன்.
எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

திருப்புளியை உத்தரக்கட்டையில் வைத்தேன்.
அழுத்தவில்லை. பிடிவரை இறங்கிற்று.
மரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து
இனிப்பெல்லாம் போய்
தின்ன மாட்டாத பழுப்பு மட்டும் மிச்சம்,
விரலில் காப்பித்தூளாய்.

செடி என்று நினைக்காதீர்கள்.
இலையில்லை, வெயில் வேண்டாம்.
நண்டின் ஓட்டுக்குள்ள சரக்கில்தான் அதற்கும் சட்டை;
வம்சக் கணக்கில் புல்லைவிட நமக்கு நெருக்கம்.
நாம் தின்றுவிட்டுச் செரிப்போம்,
அது செரித்துவிட்டுத் தின்னும்.
காரைச் சுவரைத் துளைக்கும், சுண்ணாம்பை நக்கும்,
காய்ந்த பலகை எதிர்ப்பட்டால்
தன் நரம்பிலேயே தண்ணீர் சுமந்து போகும்.

இமயத்தில் இதன் காட்டுச் சொந்தங்கள்
சாய்ந்த மரங்களில், யாருக்கும் தொல்லையின்றி.
மரக்கப்பலேறி இங்கே வந்திருக்கலாம் என்கிறார்கள்.
சாய்ந்த மரத்துக்கும் நிற்கிற வீட்டுக்கும்
அதற்கு வித்தியாசம் தெரியாது.
இந்தக் கூட்டம் ஆள்பார்த்துத் தின்பதாக இருந்தால்
ஃப்ளோயன் சரிவில் நேற்று நான் எதை மிதித்திருப்பேன்?
ஸ்ப்ரூஸ்மேல் ஸ்ப்ரூஸ் அடுக்கிக் கிடக்கும்,
செத்தது செத்தபடி.
அங்கே என் காலணியில் ஒட்டியதும்
இதே பழுப்புதான்.
அங்கிருந்து யாரும் எங்களுக்குப் போன் செய்வதில்லை.

கட்டில். மடித்த போர்வை.
சன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி.
எங்கும் செந்தூள்: கைப்பிடி, கால், முதுகு.
உட்காரும் இடத்தில் மட்டும்
இல்லை.

ஹல்வார் சுவரைக் காட்டி "அது என்ன?" என்றார்,
முதல்முறை பார்ப்பவர் குரலில்.
நானும் முதல்முறை சொல்பவளாகச் சொன்னேன்.

விதி இது:
கண்ணுக்குத் தெரியும் கடைசி இழையைத் தாண்டி
இன்னும் ஒரு மீட்டர் வெட்ட வேண்டும்.
நல்ல மரமென்று தோன்றுவதையும்.

"கட்டில்?"
"துடைத்தால் போதும்."
"நாற்காலி?"
"வெயிலில் வையுங்கள்."
இருவரும் சன்னலைப் பார்த்தோம்.
அவர்தான் முதலில் சிரித்தார்.

காருக்குள் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன்.
இனம், பரப்பு, ஆழம்.
சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில்
வைப்பர் இரண்டு முறை போய்வரும்வரை பேனா நின்றது.
குளியலறைக் குழாய்க் கசிவு என்று எழுதினேன்.
குழாயும் கசியத்தான் செய்தது.