ஜூன் 31

முதல் தடவை வந்தபோது நான் படிக்கவில்லை.
படிப்பது என் வேலையில்லை.
கலரா, பிளாக்கா, எத்தனை காப்பி,
அவ்வளவுதான் கேட்பேன்.
ராயக்கோட்டை ரோட்டில் மாங்காய் லாரிகள்
கூழ் ஃபேக்டரிக்கு வரிசை கட்டி நின்ற நேரம்.
ஜெராக்ஸ் கடைக்குள்ளும் ஈ.
போச்சம்பள்ளிப் பையன், லோகநாத் என்று பேர்,
"கலர்லயே போடுங்கக்கா, சீல் தெரியணும்" என்றான்.
தெரிந்தது. நல்ல நீலம்.
இருபது ரூபாய் வாங்கினேன்,
லேமினேஷனுக்கு முப்பது.

பத்து நாள் கழித்து பர்கூரிலிருந்து ஷம்ஷாத்.
கடிதத்தில் பேர் மட்டும் வேறு.
சீல் அதே சாய்வு.
கையெழுத்தின் வால் அதே இடத்தில்
'லிமிடெட்'டை வெட்டிக்கொண்டு போகிறது.
பெரிதாக்கிப் பார்த்தேன்,
மை சதுரம் சதுரமாக உடைந்தது.
ஒரே ஆள் இரண்டு முறை போட்டால்
இரண்டும் ஒன்றாகவா இருக்கும்?
பேங்கில் என்னை நாலு தடவை போடச் சொல்லி
நாலும் ஒத்துப்போகவில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள்.

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள்
"வேலை கிடைச்சிருக்குக்கா" என்று
ஒரு துண்டு பால்கோவாவை நீட்டிவிட்டாள்.
வாயில் போட்டுக்கொண்டு
பட்டனை அழுத்தினேன்.

முனிலட்சுமி வந்தது
போன வியாழன், நாலு இருபதுக்கு.
ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், இரண்டும் ஸ்கேன் வேண்டும்.
ஐந்து மணிக்குள் ஆயிரத்து எண்ணூற்றைம்பது கட்டவேண்டும்,
இல்லையென்றால் சீட்டு வேறு ஆளுக்காம்.
இந்தத் தடவை படித்தேன்.

"இன்டர்வியூ எங்க நடந்தது?"
"நடக்கலக்கா. வாழ்த்துகள்னு மெசேஜ் வந்துச்சு."
"ஆபீஸ்?"
"ஓசூர்ல. ஆனா நேர்ல வரக்கூடாதாம்."
ஓசூர் என்ன அமெரிக்காவா,
இங்கே பஸ் ஏறினால் ஒரு தூக்கம்.
"எப்படிப் பேசறாங்க?"
"ரொம்ப மரியாதைக்கா. மேடம் மேடம்னு."

அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
நிஜ வேலை நம்மை கேட்டில் நிற்க வைக்கும்.
செக்யூரிட்டி நம் பேரைத் தப்பாக எழுதுவார்,
மத்தியானம் வா என்பார்,
வந்தால் ஆள் எடுத்தாச்சு என்பார்.
மேடம் என்று கூப்பிட்டு, வீடு தேடி வந்து, கெஞ்சுகிற வேலையை
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.
சம்பளம் தரப்போகிறவனுக்கு
நாம் எதற்கு முதலில் தரவேண்டும்?
"முதல் சம்பளத்தோட திருப்பித் தருவாங்களாம்" என்றாள்,
பாதிக் குரலில்.

கடைசி வரியில் விரல் வைத்தேன்.
பணியில் சேரும் நாள்: 31 ஜூன்.
சுவரில் மாங்காய் மண்டிக் காலண்டர்.
இருவரும் எண்ணினோம்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது,
அதற்குக் கீழே மண்டிக்காரர் போன் நம்பர்.
லோகநாத்தும் ஷம்ஷாத்தும்
அந்த இல்லாத கட்டத்துக்குத்தான்
டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம். அவள் போன் அடித்தது.
"மேடம், பேமென்ட் இன்னும் வரலையே?"
நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.
"சார், ஜூன் முப்பத்தொண்ணு என்ன கிழமை?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் வேறு யாரோ
வேறு மேடத்தை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.
"திங்கள் மேடம்" என்றான்.
சத்தியமாக. கிழமை சொன்னான்.

முனிலட்சுமி சிரிக்கவில்லை.
ஆதாரை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
"ஸ்கேனுக்கு எவ்வளவுக்கா?" என்றாள்.
பத்து ரூபாய் என்றேன். ஏனோ வேண்டாமென்று சொல்ல வரவில்லை.

அவள் பஸ் ஏறிய பிறகு
கடை வாட்ஸப்பில் கீழே கீழே போனேன்.
ஷம்ஷாத் அனுப்பிய கடிதம் அங்கேயே இருக்கிறது,
அதற்கு மேலே அவள் நம்பர்.
ரிங் போகிறது.
எடுக்கவில்லை.
தெரியாத நம்பரை எடுக்காதே என்று
அவளுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருந்தால்
அதுவும் நல்லதுதான்.
மறுபடி அடிக்கிறேன்.